மூளை மாத்திரை

எங்கள் சிகிச்சை மையத்தில், ஹெச்.ஐ.வி. இருக்கிற பிள்ளைகளிடம் அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. இது என் பீற்றல் இல்லை, மையமே சொல்கிறது. நான் மறுப்பதில்லை, அவ்வளவுதான். எனக்கும் அந்தக் கிருமி உண்டு, என் கணவருக்கும் உண்டு, எங்கள் பெண்ணுக்கும் உண்டு. அதனால்தான் ஆலோசகர் வேலையே கிடைத்தது. அழுதுகொண்டு வரும் தாய்மார்களை உட்கார வைத்து, பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள், வயதுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள் என்று வாய் வலிக்கப் பேசுவேன். டீச்சரக்கா என்று பட்டப்பெயர்கூட வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு வயதாகும் என் பெண்ணிடம் நான் சொல்லியிருந்தது, அவள் தினமும் சாப்பிடுவது மூளை மாத்திரை என்று.

அது அவசரத்தில் பிறந்த பொய். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில், எனக்கு எதுக்கு மாத்திரை என்று கேட்டுவிட்டாள். பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கும் படம் போட்ட அட்டைகள், துணிப் பொம்மை எல்லாம் மையத்தில் இருந்தன. வீட்டில் நானும் அடுப்பும்தான் இருந்தோம். மூளை நன்றாக வேலை செய்வதற்கு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த தேர்விலேயே வகுப்பில் முதலாவதாக வேறு வந்து தொலைத்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் போய் வலியச் சொல்வானேன் என்று நானும் வருஷங்களை ஓட்டினேன். மருந்துப் புட்டியில் லேபிளைத் தடம் தெரியாமல் சுரண்டுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. கணவர் இன்னும் கெட்டிக்காரர். எப்போது பேச்சை எடுத்தாலும், சொல்வதில் நீதானே புலி என்று நழுவிவிடுவார்.

இந்த முறை அவளுடைய ரத்தப் பரிசோதனையில் கிருமியின் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டரம்மா முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் உடனே என் பெண்ணைப் பார்த்தேன். மாத்திரை சரியாகச் சாப்பிடுகிறாயா என்று டாக்டரம்மா அவளிடம் சாதாரணமாகக் கேட்க, அவளும் சாதாரணமாகவே பதில் சொன்னாள்.

"பாதி நாள்தான் மேடம். என் ஃபிரெண்டுக்குக் கணக்கே வராது. ஃபெயிலானா ஸ்கூலை விட்டு நிறுத்திடுவாங்களாம். அதான் மூளை மாத்திரையை அவளுக்குக் கொடுத்துடுவேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "மூளை மாத்திரையா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அசடு வழிந்தது. அது எப்படிச் சாத்தியம், தினமும் நான்தானே எடுத்துக் கொடுக்கிறேன் என்று சமாளிக்கப் பார்த்தேன். அதற்கும் பெண்ணிடம் பதில் இருந்தது. மாலையில் நான் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு போனில் பேசப் போய்விடுவேனாம். அந்த நேரத்தில் பென்சில் பாக்ஸில் போட்டுக்கொள்வாளாம். உண்மைதான். யாரோ ஒரு தாயிடம், பிள்ளை விழுங்கி முடிக்கும்வரை கண்ணை எடுக்காதீர்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்று புத்தி சொல்லிக்கொண்டிருப்பேன்.

பெண்ணை வெளியே விளையாட்டு மூலைக்கு அனுப்பிவிட்டு டாக்டரம்மா பேசினார். சிநேகிதிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனாலும் பரிசோதித்துவிட வேண்டும், அவள் அம்மாவை நாளைக்கே வரச் சொல்லப்போகிறேன் என்றார். என் பெண் இப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காமல் போய்விடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நானே தினம் ஒப்பிப்பதுதான். ஆனால் கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது எல்லாம் புதிதாகக் கேட்பது போலிருந்தது.

"நாளைக்கு அந்தம்மா என்ன மாத்திரைன்னு கேப்பாங்க. விசாரிச்சா ஈஸியா தெரிஞ்சிடும்," என்றார் டாக்டரம்மா. "ஸ்கூல்ல யார் வாயிலயாவது உங்க பொண்ணு இதைக் கேக்கணுமா? இன்னிக்கே சொல்லிடுங்க."

நீங்களே சொல்லிவிடுங்களேன் மேடம் என்று கெஞ்சினேன். எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் அப்படிக் கெஞ்சியிருக்கிறார்கள். டாக்டரம்மா அடுத்தவரை அழைக்க மணியை அடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைக் கணவரிடம் சொன்னேன். அவருக்குத் திடீரென்று சைக்கிள் செயின் சரியில்லை என்று ஞாபகம் வந்துவிட்டது. பெண்ணைச் சமையலறையில் ஸ்டூலில் உட்கார வைத்தேன். மையத்தில் நான் சொல்லும் முதல் வாக்கியம் எனக்குத் தூக்கத்திலும் வரும். அது வரவில்லை. அவள் என்னை வெறுத்துவிடுவாள், மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்ற பயம்தான். கடைசியில் துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்துக்கொண்டு, நோயின் பெயரை எடுத்த எடுப்பில் போட்டு உடைத்தேன். எனக்கு, அப்பாவுக்கு, உனக்கு. நீ பிறந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. பயிற்சிக்கு வருகிறவர்கள் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அவள் முதலில், தன் சிநேகிதிக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டாள். ஆகாது என்றேன்.

"நான் செத்துடுவேனா?"

"ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா கிழவியாகிற வரைக்கும் இருப்பே. என்னைப் பாரு, இன்னும் உன் உயிரை வாங்கிட்டுதானே இருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் புட்டியைத் திறந்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இது மூளைக்கு இல்லவே இல்லையா?"

"இல்லம்மா."

"நான் வாங்கின மார்க்கெல்லாம்?"

"அதெல்லாம் நீ படிச்சு வாங்கினது."

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினாள். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். நோயை நினைத்து அழுகிறாள் என்று, கைவசமிருந்த ஆறுதல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதுக்கில்லம்மா. மாத்திரை இல்லன்னா நான் மக்குன்னுதான் இவ்வளவு நாளா நெனச்சிட்டிருந்தேன். அவளுக்குக் கொடுத்த அன்னிக்கெல்லாம் எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா?"

தெரியாதும்மா என்றேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.