வருகைப் பதிவில் இல்லாதவள்

காலை பத்து மணிக்கு ஸோரானா சுவரில் பூச்சை ஏற்றி முடித்து, நோட்டில் எழுதினாள்: "மணி 10.00. ஈரப்பதம் 41. கோஷாவா." கோஷாவா காற்று வீசும் நாளில் பெல்கிராடில் போர்வைகூட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஈரச் சுண்ணாம்பு மட்டும் பொறுத்திருக்குமா? நாலு மணிக்குள் வரைந்து முடித்தாக வேண்டும். காய்ந்த சுவர் நிறத்தைக் குடிக்காது. அப்புறம் அன்றைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுப்பதைத் தவிர வழியில்லை.

எந்த நேரத்தில் எந்த நிறத்தைச் சுவர் எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் அவளுடைய முதுகலை ஆய்வு. பழைய உடற்பயிற்சிக் கூடத்தின் அந்தச் சுவர் அவளுக்கு வியாழக்கிழமைகளில் மட்டும் கிடைத்தது. ஓவியத்தில் பாக்கி இருந்தது ஒன்பது துண்டு, நாளுக்கு ஒன்று. கோடைக்குள் மிச்சமிருந்த வியாழன்களும் ஒன்பது. மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டாள்.

ஆய்வு முறையியல் வகுப்பும் வியாழன் இரண்டு மணிக்குத்தான். அதற்கு மூன்று முறை வராமல் இருக்கலாம். நாலாவது முறை வராவிட்டால் தேர்வு எழுத முடியாது. அடுத்த ஆண்டு அதே வகுப்பில் மறுபடி உட்கார வேண்டும். மூன்றும் தீர்ந்துவிட்டன. சுவரோவியத் துறையில் சுவருக்கு வேறு நாள் கேட்டதற்கு முறையியல்காரர்களிடம் பேசச் சொன்னார்கள். முறையியல் பேராசிரியர் ஒப்ராட் கடிதத்துக்குப் பதில் போட்டிருந்தார்: "மதிப்புக்குரிய சகா, நேரத்தைத் திட்டமிடுவதும் ஆய்வின் ஒரு பகுதியே." அங்கே எல்லாப் பேராசிரியர்களும் மாணவர்களைச் சகா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்றே முக்காலுக்கு வகுப்புத் தோழன் லுபிஷா போன் செய்தான்.

"வரியா இல்லியா?"

"வரையற முகம் பாதியில நிக்குதுடா."

"சரி விடு, நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். அந்த வகுப்பின் வருகைத் தாளில் பாதிக் கையெழுத்து அடுத்தவர் போட்டதுதான். போடு என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இரண்டு இருபதுக்குக் கதவு திறந்தது. பதினாறு மாணவர்களோடு ஒப்ராட் உள்ளே வந்தார்.

"இன்னிக்கு புத்தகம் வேணாம், சகாக்களே. கைவேலை எப்படி ஆய்வா மாறுதுன்னு நேர்லயே பாப்போம்."

சாரத்தின் மேல் இருந்தவளை அப்போதுதான் பார்த்தார். கோப்பிலிருந்து வருகைத் தாளை எடுத்துக் கண்ணாடியை மாட்டினார்.

"இதுல உங்க கையெழுத்து இருக்கே! மாடியில வகுப்புலயும் இருக்கீங்க, இங்க சாரத்துலயும் இருக்கீங்க. பெரிய ஆளுதான்."

யாரோ சிரித்தார்கள்.

"நாந்தான் போட்டேன், புரொபசர்," என்றான் லுபிஷா. "அவ கேக்கல."

"இறங்கி வாங்க, சகா. விளக்கம் எழுதிக் குடுங்க."

"நாலு மணிக்கு இறங்கறேன்."

"இப்ப."

"இப்ப இறங்கினா முகம் போயிடும். சுண்ணாம்பு உங்க தாள் மாதிரி கோப்புக்குள்ள காத்துக் கிடக்காது."

ஒப்ராட் பேனாவைத் திறந்து அவள் பெயரை அடித்தார். "வரல," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஸோரானாவின் காது சுட்டது. திரும்பி ஏதாவது சொன்னால் குரல் உடைந்துவிடுமோ என்று பயந்து, கன்னத்து நிழலைப் போட்டாள். கோடு தடித்துப் போயிற்று. ஈரத்தூரிகையால் தேய்த்துச் சரிசெய்தாள்.

அவர் பாடத்தைத் தொடங்கினார். எதைப் பற்றி? அவள் சுவரைப் பற்றி. எதைப் பார்த்து? போன மாதம் அவள் கொடுத்த இடைக்கால அறிக்கையைப் பார்த்து.

"பூச்சு போட்ட முதல் மணி நேரத்துலதான் சுவர் அதிகமா குடிக்குது..."

"நாலாவது மணி நேரத்துல," என்றாள் அவள், திரும்பாமலே. "பதினோராம் பக்கம்."

காகிதம் புரளும் சத்தம். பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப காவி நிறம்?" அவள் ஒப்ராடைக் கேட்கவில்லை, சாரத்தைப் பார்த்துக் கேட்டாள். ஸோரானா சொன்னாள். அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் சொன்னாள். தூரிகை நிற்கவில்லை, கீழே பேனாக்களும் நிற்கவில்லை. ஒப்ராட் நடுவில் இரண்டு முறை "சரியாச் சொன்னீங்க" என்றார், தானே சொல்லிக்கொடுத்ததைப் போல.

கடைசியில் படம் எடுக்க எல்லாரையும் சுவர் முன்னால் நிறுத்தினார்.

"கல்லூரி வலைப்பக்கத்துல போடணும். சகா, கொஞ்சம் ஒதுங்குங்க, முகத்த மறைக்கறீங்க."

"வராதவ எப்படி, புரொபசர், மறைப்பா?"

அவள் நகரவில்லை. படம் எடுத்த மாணவன் தயங்கித் தயங்கி, அவளோடு சேர்த்தே எடுத்தான்.

எல்லாரும் போன பிறகும் லுபிஷா நின்றான்.

"எம்மேல கோவமா?"

"ஆமா. தண்ணி வாளிய நவுத்து."

மூன்று ஐம்பதுக்கு முகம் முடிந்தது. அடுத்த ஆண்டும் அந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சுண்ணாம்புக் கையோடு நோட்டை எடுத்தாள். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே சேரப் போகும் நோட்டு அது; ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவில் ஒப்ராடும் இருந்தார்.

"2.20 முதல் 3.30 வரை: சுவர் முன் முறையியல் வகுப்பு. காவி பற்றிய கேள்விகளுக்கு விடை சொன்னேன். வருகைப் பதிவில் நான் இல்லை. 3.50: முகம் முடிந்தது."

எழுதியதை ஒரு முறை படித்தாள். எதையும் அடிக்கவில்லை.