ஹீட்டர் செத்த வேன்

சுரங்கத்தில் செத்துப்போன தம்பியை நாட்டின் வடகோடியிலிருந்து கொண்டுவர, வேன் ஓட்டுநர் பின் இருக்கைகளைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு வரைபடத்தை விரித்தார். கூட வரப்போகும் மச்சினன் தொணதொணவென்று உயிரை வாங்கினான்.

"ஹீட்டர் செத்துக் கிடக்கு மாமா. அந்தப் பனியில நாமளும் விறைச்சுப் போவோம். முதல்ல அதைச் சரி பண்ணுங்க."

"வாயைக் கழுவுடா! போகும்போது போட்டுக்கத்தான் சரி பண்ணப் போறேன்."

"அப்ப வரும்போது?"

ஓட்டுநர் வரைபடத்தை மடித்தார். போன் பண்ணும்போதெல்லாம் குளிர் தாங்கலண்ணே என்று புலம்பியவன் தம்பி.

சேதி வந்ததிலிருந்து வாய் திறக்காத தம்பி மனைவி, இரண்டு கம்பளிகளோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"வரும்போது இதைப் போத்திக்குங்க, மாமா" என்றாள். "ஹீட்டரை மட்டும் போட்றாதீங்க. வழி தூரம், சூட்டுல உடம்பு தாங்காது. அவரு குளிர்லயே வரட்டும்."