பகேரியாவுக்குப் போன தெரிவுக்குழு

விதுரன் அணிக்குள் வரவேண்டும். ஆனால் அவன் பெயரை நான் சொல்லக்கூடாது. மே மாதம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தேன்.

இத்தாலியின் பலேர்மோவில் பல்கலைக்கழகம் போகிற தமிழ்ப் பிள்ளைகள் நான்கு அணியாகப் பிரிந்து, ஒக்டோபரிலிருந்து மே வரை ஞாயிறு காலைகளில் பந்தடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் மொறீசியஸ் பிள்ளைகளும் கலந்த அணிகள். சின்ன மைதானம், பக்கத்துக்கு ஐந்து பேர். சீசன் முடிந்ததும் நான்கு அணிகளிலுமிருந்து சிறந்த ஐந்து பேரைப் பொறுக்கி நாப்போலிக்குக் கப்பலேற்றுவோம். அங்கே படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளின் ஐவரோடு ஒரே ஒரு ஆட்டம். போன வருடம் நாப்போலிக்காரர் எங்களைத் துவைத்துக் காயப்போட்டு அனுப்பினார்கள்.

பொறுக்குகிற வேலை மூன்று பேருக்கு. தலைவர் அம்பலவாணர் அங்கிள். வயதான ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறார். ஊரில் நடுவராக இருந்தவர், இங்கேயும் அவர்தான் நடுவர், அந்தப் பழக்கத்தில் பஸ்ஸில் இடித்தவனைக்கூட விரலை உயர்த்தி எச்சரிப்பார். இரண்டாவது றெஜி அண்ணா. துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிறவர். கோல் விழுந்தால் பக்கத்தில் நிற்பது யாரென்று பார்க்காமல் கட்டிப்பிடிப்பார். மூன்றாவது நான், நிரோசினி. தாதியர் படிப்பு, கடைசி வருடம். பெண்பிள்ளை ஒன்று இருந்தால் குழுவில் சண்டை குறையும் என்று என்னைச் சேர்த்தார்கள். எனக்கு ஆட்டமும் தெரியும், வாயும் நீளம். சண்டை கூடிவிட்டது.

விதுரன் பொறியியல் அணி. இடது காலன். ஜூலையில் படிப்பு முடிகிறது, ஆகவே நாப்போலிக்குப் போக அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. நவம்பரில் ஒரு நாள் கணுக்கால் பிசகி ஓரமாக வந்து உட்கார்ந்தான். நான்தான் ஐஸ் வைத்துக் கட்டினேன். "ஐஸை விட உங்கடை கைதான் குளிருது" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் ஆடப் போய்விட்டான். இவ்வளவுதான் நடந்தது. இதற்குப்போய் ஆறு மாதம் ஒருத்தி நித்திரை கெடுவாளா என்று கேட்டால், கெட்டேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "கொமிட்டியிலை இருந்துகொண்டு மாப்பிள்ளை பிடிச்சவள்" என்ற கதை கப்பலுக்கு முன்னமே நாப்போலி போய்ச் சேர்ந்துவிடும். என் பெயர் கெட்டால் கெடட்டும். ஆனால் அவன் உண்மையாக அடித்த கோல்களையும் சனம் நான் போட்டுக்கொடுத்த கோல் என்று சொல்லும். அதை நினைக்கத்தான் வயிறு எரிந்தது.

தெரிவுக் கூட்டம் துறைமுகத்து வாங்கிலில் உட்கார்ந்தபடி நடந்தது, றெஜி அண்ணாவின் சாப்பாட்டு நேரத்தில். முதல் நான்கு பெயருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. ஐந்தாவது இடத்துக்குத்தான் போட்டி. விதுரனா, இன்னொரு அணிப் பையன் மாட்டியாவா?

"மாட்டியா" என்றேன் நான், யாரும் வாய் திறக்கும் முன்பே.

றெஜி அண்ணா பாண் கடிப்பதை நிறுத்தினார். "தங்கச்சி, உனக்குக் காய்ச்சலோ?"

"விதுரனுக்கு வலது கால் சும்மா ஊண்டி நடக்கத்தான். பந்தைக் குடுக்கவும் மாட்டார். மாட்டியா அடக்கமா விளையாடுற பிள்ளை."

"அடக்கமான பிள்ளை வேணுமெண்டா கோயிலுக்குப் பூக்கட்டக் கூட்டிக்கொண்டு போ. எங்களுக்குக் கோல் வேணும்!"

நான் விடவில்லை. விதுரனைக் குறை சொல்லக் கண்டுபிடித்த ஒவ்வொரு வார்த்தையும் என் நெஞ்சில் குத்தியது, ஆனாலும் சொன்னேன். அங்கிள் விரலை உயர்த்தி வாக்கெடுப்பு என்றார். விதுரனுக்கு இரண்டு, மாட்டியாவுக்கு ஒன்று. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் மேளமும் நாதஸ்வரமும் ஒன்றாய் முழங்கின. தோற்றதில் இவ்வளவு சந்தோசப்பட்டவள் அந்தத் துறைமுகத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

இத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அறிவிக்க வேண்டுமே. போன வருடம் வாட்சப்பில் பெயர்களைப் போட்டோம். தெரிவான ஒரு பிள்ளையின் தாய் அங்கிளுக்கு ஃபோன் எடுத்து, "பிள்ளையின்ரை கலியாணத்தையும் வாட்சப்பிலையோ சொல்லுவியள்?" என்று கிழித்துவிட்டார். அந்தக் கோபம் தீபாவளி வரை போனது. அதனால் இந்த முறை வீடு வீடாய்ப் போய், தட்டத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மரியாதையாகச் சொல்வது என்று அங்கிள் தீர்மானித்தார்.

"மூண்டு பேராய் நல்ல காரியத்துக்குப் போறேல்லை" என்று தடுத்தார் அவருடைய மனைவி ஞானாம்பிகை அன்ரி. ஆகவே நாலாவது ஆளாகத் தானும் வருவதாகச் சொன்னார். வருகிறவர் சும்மா வருவாரா? காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தார். காற்சட்டையோடு நின்ற என்னைப் பார்த்து, "உதென்ன கோலம், ஆக்கள் வீட்டுக்குப் போகேக்கை" என்று தன்னுடைய பச்சைச் சேலை ஒன்றை எனக்குச் சுற்றி, தலையில் பூவும் வைத்துவிட்டார். தட்டத்தில் குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம், லட்டுக்குப் பதில் ஒரு பெட்டி கனோலி. பளபளக்கும் தாளில் சுற்றிய அணிச் சட்டை ஒன்று. யாரும் எதையும் யோசிக்கவில்லை.

முதல் நான்கு வீடும் நகரத்துக்குள். எல்லாரும் கோயிலில் அங்கிளைக் கண்டு பழகியவர்கள், மைதானத்துக்கும் வருகிறவர்கள். வுச்சீரியாவில் மொறீசியஸ்காரக் கோல்காவலன் கிருஷ்ணெனின் தாய் கொலெட் அழுது, சிரித்து, எங்களுக்கு வயிறு வெடிக்கச் சாப்பாடு போட்டார். ஐந்தாவது வீடு ஊருக்கு வெளியே, பகேரியாவுக்கு ரெயில் ஏறினோம். வாசலிலேயே நின்று விசயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

விதுரனின் தாய் தகப்பன் ஒரு பழைய வில்லாவில் காவலும் தோட்டமும் பார்க்கிறவர்கள். வில்லாவுக்குப் பின்னால் இரண்டு அறை. ஞாயிற்றுக்கிழமைதான் வில்லாவைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் வருவார்கள், அதனால் அவர்கள் மைதானப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. எங்களை அவர்களுக்குத் தெரியாது. தாய் தவமணி கதவைத் திறந்தார். வேட்டி கட்டிய அங்கிளைப் பார்த்தார், காஞ்சிபுரம் அன்ரியைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார், பூ வைத்த என்னைப் பார்த்தார்.

"வாங்கோ, இருங்கோ" என்று உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது சேலை மாறியிருந்தது. தகப்பன் அருளையா தோட்டத்து மண் கையைக் கழுவிக்கொண்டு, வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் பூட்டியபடி வந்து உட்கார்ந்தார்.

அங்கிள் தொண்டையைச் செருமி விரலை உயர்த்தினார். அவருக்கு முன்னுரை நீளம். "சங்கம் எண்டா என்ன? ஒற்றுமை. நாங்கள் இந்த ஊருக்கு வரேக்கை..." என்று ஆரம்பித்தார்.

தவமணி அன்ரி அதைக் கேட்கவேயில்லை. என்னை உச்சி முதல் கால் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளை என்ன படிக்கிறா?"

"நேர்ஸ். கடைசி வருசம்" என்றார் ஞானாம்பிகை அன்ரி பெருமையாக.

"ஊரிலை எவடம்?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கிறார்கள் என்று இவர்கள் நினைக்கிறார்கள். பெண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு! என் காதெல்லாம் சுட்டது. உடனே திருத்தியிருக்க வேண்டியவள் நான். வாய் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனமும் வரவில்லை. இன்னும் ஒரு நிமிடம் இப்படியே இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் விதுரன் வந்துவிட்டான். முடிவு என்னவோ என்ற பதற்றத்தில் வீட்டில் இருக்க முடியாமல் ஓடப் போயிருக்கிறான். வியர்த்து, மூச்சு வாங்க, வாசலில் நின்றான்.

"தம்பி, உன்னைக் கேட்டு வந்திருக்கினம்" என்றார் தாய். "இந்தப் பிள்ளைக்கு. நீ என்ன சொல்லுறாய்?"

அவன் தட்டத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அங்கிள் "என்ன?" என்று எழும்புவதற்குள் சொல்லிவிட்டான்.

"ஓம்."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

"நவம்பரிலை இருந்து யோசிச்சுத்தான் அம்மா சொல்லுறன். ஓம்."

கதிரையைப் பிடித்துக்கொண்டேன். நவம்பர் என்றானே, நவம்பர் என்றானே என்று அதுவே காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிளோ பாய்ந்துபோய்த் தட்டத்திலிருந்த பொதியைக் கிழித்து, ரோஸ் நிறச் சட்டையை விரித்துப் பிடித்தார். முதுகில் பதினொன்று என்ற இலக்கம்.

"இது கலியாணப் பேச்சில்லை! பந்து விசயம்! உங்கடை மகனைச் சிறந்த ஐஞ்சு பேரிலை ஒராளா எடுத்திருக்கிறம். நாங்கள் தெரிவுக்குழு. இந்தப் பிள்ளையும் குழுவிலை ஒராள்!"

தவமணி அன்ரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அருளையா அங்கிள் மேல்பொத்தானைக் கழற்றினார். விதுரன் சட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டான். றெஜி அண்ணா மட்டும் கனோலிப் பெட்டியைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அங்கிள் சிரிக்கவில்லை. நடுவர் முகம் வந்துவிட்டது. "றெஜி, சிரிக்காதை. பெடியன் எல்லாருக்கும் முன்னாலை ஓம் எண்டிட்டான். நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்? குழுக்காரி தன்ரை ஆளைப் போட்டவள் எண்டெல்லோ சொல்லும்? தம்பி, குறை நினையாதையும். உம்மை விலத்திப்போட்டு மாட்டியாவைப் போடுறதுதான் முறை."

விதுரன் முகத்து வியர்வையைத் துடைத்தான். "சரி அங்கிள்" என்று தலையாட்டினான். அந்தச் சரியைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ ஒரு பேய் ஏறியது.

"என்ன முறை அங்கிள், என்ன முறை?" சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தேன். "மாட்டியா நல்ல பிள்ளை. ஆனா இவருக்குக் கிட்ட நிக்கேலுமோ? ஜனவரியிலை, அந்த மழைக்குள்ளை, மூண்டு பேரை வெட்டிக்கொண்டு போய் அடிச்சது ஆர்? தங்கடை கோல்காவலனுக்குக் கை முறிஞ்சு, ஒருத்தரும் போகப் பயந்து நிக்க, தானே கோலுக்குள்ளை நிண்டு பெனால்டியைப் பிடிச்சது ஆர்? பந்து என்ரை கையிலை பட்டது, இது கோல் இல்லை எண்டு தானே வந்து உங்களிட்டைச் சொல்லி, அந்த ஆட்டத்தையே தோத்தது ஆர்? நீங்கள் அதைக் காணவேயில்லை அங்கிள், அப்ப கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்! இந்த முழுச் சீசனிலையும் இவரை மாதிரி ஒருத்தன் விளையாடேல்லை. இவர் போகாட்டி நாப்போலிக்கு ஒருத்தரும் போகவேண்டாம்!"

மூச்சு முட்டி நின்றேன்.

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஏன் பிள்ளை எதிர்த்து வோட்டுப் போட்டனீர்?"

"எனக்கு இவரைப் பிடிக்கும். அதாலைதான்."

சொல்லிவிட்டேன். அவனுடைய தாய்க்கும் தகப்பனுக்கும் முன்னால், இரவல் சேலையில் நின்றுகொண்டு, சத்தமாக. கூச்சம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சந்தோசம்தான் வந்தது, அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது.

விதுரன் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தான். "எனக்கு எதிராவோ போட்டனீங்கள்?"

"வலது கால் சும்மா ஊண்டி நடக்கத்தானாம்" என்று போட்டுக்கொடுத்தார் றெஜி அண்ணா.

அங்கிள் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு விரலை உயர்த்தினார். "பிடிச்ச ஆள் எதிர்த்துப் போட்டிருக்கிறா. பிடிக்காத ரெண்டு பேர் ஆதரிச்சுப் போட்டிருக்கிறம். இதை விட நேர்மையான தெரிவு இந்தப் பலேர்மோவிலை நடக்கேல்லை. தம்பி, சட்டையைப் போடும்."

றெஜி அண்ணா அருளையா அங்கிளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். விதுரன் வியர்வை உடம்போடு சட்டையை மாட்டினான், முன்பக்கம் பின்பக்கமாக. நான் சொன்னேன், அவன் கழற்றித் திரும்பப் போட்டான், அதற்குள் இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

தவமணி அன்ரி மட்டும் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. மெல்ல எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"இவன் பந்தடிக்கிறான் எண்டு தெரியும். இவ்வளவு நல்லா அடிப்பான் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வேலை, ஒரு நாளும் பார்க்கேல்லை." தன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். "அந்த மழைக்குள்ளை அடிச்சது எப்பிடி? இரும். ஒண்டும் விடாமல் சொல்லும்."

நான் இருந்தேன். அருளையா அங்கிளும் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டார். ஒக்டோபரிலிருந்து தொடங்கினேன்.