ஆளுக்குப் பாதி அலமாரி

"என் அலமாரியப் பாக்க நான் டிக்கெட் வாங்கணுமா?" என்று கேட்டுக்கொண்டு அந்த அம்மாள் என் கவுன்ட்டர் முன்னால் வந்து நின்றாள். செய்தித்தாளில் சுற்றிய ஏழு சிவப்புக் கார்னேஷன் பூக்கள் கையில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டு. யாரென்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, மூக்கே சொல்லிவிட்டது. உள்ளே கண்காட்சி வைத்திருக்கும் ஸ்மராண்டாவுக்கும் அதே மூக்குதான். அவளுடைய அம்மா அக்லாயா சனிக்கிழமை வருவதாகத்தான் பேச்சு. ஆனால் திறப்புவிழா அன்றைக்கே, பஸ் பிடித்து, மகளுக்குக்கூடச் சொல்லாமல் வந்து நின்றுவிட்டாள்.

"உங்களுக்கெல்லாம் டிக்கெட் எதுக்கும்மா, உக்காருங்க, காபி போடறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்மராண்டாவுக்குப் போன் போட்டேன். அவள் பக்கத்து அருங்காட்சியகத்தில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்துட்டாங்க" என்றேன்.

"யாரு அம்மா?"

"உங்க அம்மாதான்."

"பெட்ரோனெலாக்கா, உங்க கால்ல விழறேன். நான் வர்ற வரைக்கும் அலமாரிகிட்ட மட்டும் விட்டுடாதீங்க. அறுத்தது அவங்களுக்குத் தெரியாது. பாத்தாங்கன்னா இந்த ஜென்மத்துல என்னை வீட்டுப் படி ஏத்த மாட்டாங்க."

அறுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது மாவட்ட அருங்காட்சியகம், பக்கத்தில் இருப்பது நகர அருங்காட்சியகம். இரண்டுக்கும் ஒரே சுவர், அந்தச் சுவரில் ஒரு கதவு. எனக்குத் தெரிந்து அதை யாரும் திறந்ததில்லை. எங்கள் இயக்குநர் ஒடிலியா மேடத்தைக் கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும் என்பார். அந்தப் பக்கத்து இயக்குநர் வெலிகான் சாரைக் கேட்டால் இந்தப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும் என்பார். ருமேனியாவில் எங்கள் ஆட்கள் போருக்கும் பஞ்சத்துக்கும் தப்பிப் பிழைத்தவர்கள். ஆனால் எதிரெதிரே இரண்டு கதவு திறந்து கழுத்தில் காற்றுப் பட்டால் செத்துவிடுவார்கள். ஆக, கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பூட்டு, அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் இல்லை. ஒருவர் சொல்வதை நான்தான் தெருவைச் சுற்றிப் போய் மற்றவரிடம் சொல்லிவிட்டு வருவேன். என் முழங்கால் வலிக்கு அதுதான் காரணம்.

இந்த லட்சணத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கண்காட்சி. வெளிநாட்டிலெல்லாம் பெயர் வாங்கிய எங்கள் ஊர்ப் பெண் ஸ்மராண்டா. படங்களையும் சிலைகளையும் ஒரு மாதிரியாகப் பங்கு பிரித்துவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது அவள் அம்மா வீட்டுக் கண்ணாடி அலமாரி. கண்காட்சியின் உயிரே அதுதான். எனக்குத்தான் என்றார் மேடம். எனக்குத்தான் என்றார் சார். ஒரு வாரம் நான் தெருவைச் சுற்றினேன். ஸ்மராண்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப ரெண்டா அறுத்து ஆளுக்குப் பாதி குடுத்துடவா?" என்று கத்தினாள். வாயை அடைப்பதற்காகச் சொன்னது. அந்தச் செய்தியையும் நான்தான் கொண்டுபோனேன். எங்கள் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டு இயக்குநர்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "நல்ல யோசனை."

தச்சர் வந்தார். அறுத்தார். உள்ளே இருந்த பன்னிரண்டு படிகக் கிளாஸில் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. அலமாரி மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடி மீன் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எங்களுக்கு வந்தது. அதற்கு அடியில் விரித்திருந்த லேஸ் துணி அவர்களுக்குப் போனது.

காபி ஆறுவதற்குள் அக்லாயா அம்மாள் எழுந்துவிட்டாள். "மாடிய மொதல்ல பாக்கலாமே" என்றேன். "கழிவறை இந்தப் பக்கம்" என்றேன். அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராகப் பெரிய கூடத்துக்குள் போனாள். தலைநகரத்திலிருந்து வந்திருந்த விமர்சகர் ஒருவர், கையில் பிளாஸ்டிக் கோப்பையும் ஒயினுமாக, அலமாரிப் பாதிக்கு முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். "இங்கே இருக்கும் பாதி, இல்லாத பாதியைப் பற்றித்தான் பேசுகிறது."

"அந்த இல்லாத பாதி எங்கய்யா?" என்றாள் அக்லாயா அம்மாள்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நல்ல கேள்வி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அவள் அலமாரியைச் சுற்றி வந்தாள். அறுத்த ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தாள். மீனைப் பார்த்தாள். "இதுக்கு அடியில இருந்த துணி?" என்று என்னைக் கேட்டாள். "அந்தப் பக்கம்மா" என்றேன். பூங்கொத்தைப் பிரித்து, ஒரே ஒரு பூவை உருவி என் கையில் திணித்தாள். மிச்சமிருந்த ஆறையும் அலமாரியின் காலடியில் குனிந்து வைத்தாள்.

உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படையிலும், செத்தவர்களுக்கு இரட்டைப்படையிலும் பூக் கொடுப்பது எங்கள் வழக்கம். நடக்கப் பழகிய குழந்தைக்கும் அது தெரியும். இரண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒடிலியா மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. விமர்சகர் மட்டும் கை தட்டினார், இதுவும் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்று எண்ணி. நான் அந்த ஒற்றைப் பூவை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"மிச்சத்தக் காட்டு" என்றாள்.

"அது பக்கத்து மியூசியத்துல இருக்கும்மா. தெருவச் சுத்திப் போகணும்."

"இந்தக் கதவு எதுக்கு இருக்கு?"

"அது... காத்து அடிக்கும்" என்றார் ஒடிலியா மேடம்.

"அலமாரிய அறுக்கறப்ப அடிக்கலையா காத்து?"

மேடம் சாவியை எடுத்துக் கொடுத்தார். நான் பூட்டைத் திறந்தேன். அக்லாயா அம்மாள் கதவை முஷ்டியால் குத்தினாள்.

"யாரது?" அந்தப் பக்கம் வெலிகான் சாரின் குரல்.

"அலமாரிக்காரி!"

தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு திறந்ததும் இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பொத்திக்கொண்டது. அக்லாயா அம்மாள் அந்தப் பக்கம் நுழைந்தாள், பின்னாலேயே நானும். அங்கே மற்றப் பாதியின் பக்கத்தில், ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காமல், ஸ்மராண்டா நின்றிருந்தாள். எங்கள் பக்கம் வருவதற்காகத் தெரு வரைக்கும் போயிருக்கிறாள். சத்தம் கேட்டுப் பாதி வழியில் திரும்பி ஓடிவந்திருக்கிறாள். இத்தனை நாட்டில் விருது வாங்கியவள், முகத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பயம்.

"ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கலம்மா. அறுத்துடவான்னு சும்மாதான் கேட்டேன்" என்றாள். "சரின்னுட்டாங்க."

"சரின்னா அறுத்துடுவியா? இதுக்காக நானும் உங்கப்பாவும் மாத்தி மாத்தி எத்தன ராத்திரி கடை வாசல்ல வரிசையில நின்னோம் தெரியுமாடி உனக்கு?"

"தெரியும். சொல்லிச் சொல்லிக் காது புளிச்சுடுச்சு." ஸ்மராண்டா அலமாரிக்குள் கையைக் காட்டினாள். "கடுகு விழுது தீந்துபோன பாட்டில்லதான் பொறந்ததுலேருந்து தண்ணி குடிச்சேன். இந்தக் கிளாஸு விருந்தாளிக்கு, தொடாதே, தொடாதே. எந்த விருந்தாளிம்மா? பாதிரியார் வந்தப்பவும் எடுக்கல. டாக்டர் வந்தப்பவும் எடுக்கல. அப்பா செத்தன்னிக்குக்கூட எடுக்கல. அறுக்கறப்ப எனக்கு அழுகையா வந்துச்சு. கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

அக்லாயா அம்மாள் மகளைப் பார்த்தாள். அப்புறம் அங்கிருந்த கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். மேயர் இருந்தார். விமர்சகர் எங்கள் பின்னாலேயே கதவு வழியாக வந்திருந்தார். பட்டுச் சட்டைக்காரர்கள், முத்து மாலைக்காரிகள், எல்லார் கையிலும் பிளாஸ்டிக் கோப்பை.

"இவங்கல்லாம் யாரு?" என்று என்னைக் கேட்டாள்.

"விருந்தாளிங்கம்மா."

"யாரோட விருந்தாளி?"

"ஸ்மராண்டாவோட" என்றேன். கொஞ்சம் யோசித்து, "உங்களோடன்னும் சொல்லலாம்" என்றேன்.

அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக் கையை மடித்துவிட்டாள். அலமாரிப் பாதியின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். வெலிகான் சார் பதறி ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா, அது கலைப்படைப்பு! தொடக்கூடாது!"

"நாப்பது வருஷமா நான் சொன்னதத்தான் நீயும் சொல்றியா?" என்றாள். "தள்ளு."

அவர் தள்ளி நின்றார். அவள் கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து ஜன்னல் மேடையில் வைத்தாள். "அந்தப் பக்கத்து ஆறையும் கொண்டா" என்று யாரிடமோ சொன்னாள். ஒடிலியா மேடம் தானே போய், கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, இரண்டிரண்டாக எடுத்துவந்து கதவருகில் நின்றார். வெலிகான் சார் கை நீட்டி வாங்கினார். "ஜாக்கிரதை" என்றார் மேடம். "தெரியும்" என்றார் சார். நான் பார்த்து அவர்கள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

அக்லாயா அம்மாள் முதல் கிளாஸில் ஒயினை ஊற்றினாள். மேயர் மரியாதையாகக் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய் அதை ஸ்மராண்டாவிடம் கொடுத்தாள்.

ஸ்மராண்டா இரண்டு கையாலும் வாங்கினாள். குடிக்கவில்லை. ஒயின் விளிம்பு வரைக்கும் வந்து வந்து போயிற்று.

"குடி" என்றாள் அம்மா. "ஒடஞ்சா ஒடையட்டும், இன்னும் பதினொண்ணு இருக்கு."

அப்படிச் சொல்லிக்கொண்டே, அந்தக் கிளாஸுக்கு நேர் கீழே, தன் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.