மேற்கு வானத்துக்கு ஓர் அனுமதி

தறப்பாளை அவிழ்க்கச் சொல்லி றிஸ்மினா மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மையத்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருகிற சனத்துக்கு நிழல் வேண்டுமென்று விடிந்ததும் விடியாததுமாக வந்த நல்ல மனிதர்கள், வளவில் இடமே இல்லாதது போல அதை வாப்பாவின் பெரிய டிஷ்ஷுக்கு நேர் முன்னால் கட்டிவிட்டார்கள். ஆள் உயரத்துக்கும் மேலான அந்த வெள்ளைத் தட்டு மேற்கு வானத்தைப் பார்க்க வேண்டியது. இப்போது நீலத் தறப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றது. கீழே கதிரைகளில் இருந்த ஆண்கள் மெல்லிய குரலில் வாப்பாவின் பெருமைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருமைகளில் பாதி அந்த டிஷ்ஷைப் பற்றியதுதான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

"வெயிலப் பாத்தியா மகள்? இவ்வளவு சனத்தையும் கொண்டு போய் எங்க இருத்துறது?" என்றார் ஸலாஹுதீன் சாச்சா, வாப்பாவின் தம்பி. கபன் துணி, கபுறு வெட்ட ஆள், பள்ளிவாசலுக்கு அறிவித்தல் என்று காலையிலிருந்து ஓடியதில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"அஸருக்குப் பிறகு எனக்கு அந்தப் பக்கம் வானம் வேணும் சாச்சா."

"உன்ட வாப்பா இன்னும் மண்ணுக்குப் போகல்ல. இண்டைக்குமா அந்த மெசின்?"

இன்றைக்கேதான். அதுதான் பிரச்சினை.

வாப்பா ஹிஸ்புல்லா தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது உடுத்த துணியோடு வந்து, கற்பிட்டியில் ரேடியோ திருத்தும் கடை போட்டவர். ஒரு வருடம் மேற்கேயிருந்து கச்சான் காற்று சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி, ஆழ்கடலுக்குப் போன இரண்டு மீன்பிடிப் போட்டுகளைக் கொண்டுபோனது. சொல்லாமல் கொள்ளாமல் என்பதும் சரியில்லை. கரையில் எல்லா வீட்டு ரேடியோவும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கடலில் இருந்தவர்களுக்குத்தான் கேட்கவில்லை. துறைமுகத்து வயர்லெஸ் காற்றில்லாத நாளில் கணீரென்று கேட்கும், காற்று எழும்பினால் வெறும் இரைச்சல். அப்போது ஹிஸ்புல்லாவின் தலைக்குள் புகுந்ததுதான் இந்த டிஷ். கரையிலிருந்து குரலை வானத்தில் நிற்கும் ஒலிபரப்புச் செய்மதிக்கு அனுப்புவது, அங்கிருந்து அது கடல் முழுக்கப் பொழிவது, போட்டில் ஒரு சிறிய பெட்டி அதைப் பிடித்துத் தமிழில் சொல்வது. மீனவர் சங்கம் அவர் பின்னால் நின்றது. தட்டு வந்தது, அலை அனுப்பும் மெசின் வந்தது, நான்கு போட்டுகளுக்குப் பெட்டியும் வந்தது. அனுமதி மட்டும் வரவில்லை.

செய்மதி அந்நிய நாட்டு உரிமம் பெற்றது. அப்படிப்பட்ட ஒன்றோடு நம் மண்ணிலுள்ள தரை நிலையம் தொடர்பு வைக்க வேண்டுமென்றால், நம் நாடும் அந்தச் செய்மதியை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். நாளைக்கு இங்கிருந்து போகிற அலை பக்கத்துச் செய்மதிக்கு இடைஞ்சல் செய்தால் யார் பொறுப்பு என்று கொழும்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி என்று ஹிஸ்புல்லாவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்குப் பதில் தேடித் தேடியே தாடி நரைத்தார். மகளைக் கொழும்புக்கு அனுப்பி இதே படிப்பைப் படிக்க வைத்ததும் அந்தப் பதிலின் ஒரு பகுதிதான்.

போன மாதம் கொழும்பில் செய்மதியை ஏற்றுக்கொண்டார்கள். சங்கத்தின் பேரில் அனுமதியும் வந்தது, ஒரு நிபந்தனையோடு. செய்மதிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க அலையை அனுப்பிக் காட்டி, அயலுக்கு இடைஞ்சல் இல்லை என்று அவர் வாயால் கேட்க வேண்டும். முதல் தவணையை மழை கெடுத்தது. இரண்டாவது தவணையில் வாப்பா ஆஸ்பத்திரியில். கடைசித் தவணை இன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிந்திய அரை மணி நேரம். தவறினால் அனுமதி காலாவதி, மீண்டும் முதலிலிருந்து. இன்று விடிய, சுபஹ் தொழுகைக்குப் பிறகு, இஞ்சிப் பிளேன்டீ ஒன்று கேட்டுவிட்டு, அது ஆறுவதற்குள் வாப்பா போய்விட்டார். சனிக்கிழமை, கொழும்பில் போன் எடுக்க ஆளில்லை. செய்மதிக்காரர் மனமார வருந்தினார்; தவணையை நீட்டும் உரிமை தனக்கில்லை என்றார்.

இன்னொன்றும் இருந்தது. தம்பி ரிப்கான் அந்தப் பெட்டி வைத்த போட்டொன்றில் கடலில் இருந்தான். துறைமுகத்து வயர்லெஸ்ஸில் இருக்கும் றொமேஷ் காலையிலிருந்து அவனுடைய போட்டைக் கூப்பிட்டுக் களைத்துவிட்டான், இரைச்சல்தான் வந்தது. ரிப்கானைப் பொறுத்தவரை வாப்பா இன்னும் உயிரோடு இருந்தார். 

சாச்சா கதவோரம் போய் நின்று, திரைச்சீலைக்கு அப்பால் இருந்த உம்மாவிடம் முறையிட்டார். "மதினி, நீங்களாவது சொல்லுங்க இவளுக்கு. ஊர் என்ன கதைக்கும்?"

உள்ளே யாசீன் ஓதும் சத்தம் தணிந்தது. உம்மா மர்ளியா மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் முற்றத்துக்கே கேட்டது.

"அவர நீங்க கொண்டு போங்க. அது உங்கட வேல. இத நாங்க பாக்கிறம்."

"பொம்பிளைகள் மட்டுமா?"

"ஆம்பிளைகள் எல்லாரும் மையத்தோட போனா, மிஞ்சுறது பொம்பிளைகள்தானே."

"நீங்க புருசன் மௌத்தாகி இத்தாவில இருக்கிற ஆள்..."

"வளவ விட்டு வெளிய போறனா? டிஷ் வளவுக்குள்ளதானே நிக்குது. அவர் உள்ளுக்கத்தான் கட்டி வெச்சிருக்கிறார்."

சாச்சா தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

சந்தூக்கைத் தூக்கிய நேரத்தில் றிஸ்மினாவுக்குச் செய்மதியும் மறந்தது, தவணையும் மறந்தது. கலிமாவின் ஓசையோடு வாப்பா தலைகளுக்கு மேலாக மிதந்து போனார். அவர் ஒருநாளும் அவ்வளவு உயரத்தில் போனதில்லை. வளவு வாசலில் படலை வரைக்கும் ஓடினாள். அதற்கு மேல் பெண்கள் போக வழியில்லை. வாய்விட்டு அழுதாள். வெள்ளை உடுத்திய உம்மா பின்னால் வந்து அவளுடைய தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அழுறதுக்கு ராவைக்கு நேரம் இருக்கு மகள். வா."

தறப்பாளை அவிழ்க்கப் பெண்கள் எல்லோரும் முற்றத்தில் இறங்கினார்கள். ஆண்கள் போட்டிருந்த முடிச்சுகள் புயலுக்குப் போட்டவை. பக்கத்து வீட்டுக் கமீலா இரண்டு முடிச்சோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, குசினிக்குள் போய் மீன் வெட்டும் கத்தியோடு வந்தாள். "தறப்பாள் ஆர்ர?" என்று கேட்டாள். பதில் வருமுன் நான்கு கயிறும் அறுந்தன. நீலத் துணி கதிரைகளின் மேல் சரிந்து விழ, மேற்கு வானம் முழுதாகத் திறந்தது.

டிஷ்ஷைப் பார்த்த யன்னலோடு பின்னறையில் மெசின் இருந்தது. றிஸ்மினா அதைப் போட்டாள். போனில் செய்மதிக்காரர் எங்கோ ஒரு தேசத்திலிருந்து, "மெல்ல, மெல்லக் கூட்டுங்கள்" என்றார். கூட்டினாள். ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினாள்.

"வருகிறது" என்றார் அவர்.

யன்னலுக்கு வெளியே நின்ற பெண்களுக்கு அந்த ஆங்கிலம் புரியாவிட்டாலும் றிஸ்மினாவின் முகம் புரிந்தது. ஆனால் அடுத்த பேச்சு அவ்வளவு இனிப்பாக இல்லை. அலை நேராக வந்தாலும் ஓரமாகப் பக்கத்துப் பாதையிலும் கசிகிறதாம். தட்டின் முன்னால் நீட்டி நிற்கும் குழாயை ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். மெசினில் ஒருவர், குழாயில் ஒருவர். குழாய் எப்போதும் வாப்பாவின் வேலை.

றிஸ்மினா எழும்பிப் பார்த்தபோது உம்மா அங்கே நின்றாள், வாப்பாவின் ஸ்பேனரோடு. குழாய் எட்டவில்லை. துக்கத்துக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் கதிரையொன்றை இழுத்துப் போட்டு அதில் ஏறினாள். இரண்டு பெண்கள் கதிரைக் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் அலைய நிப்பாட்டின பிறகு திருப்புங்க உம்மா! திருப்பிட்டு இறங்கி ஒதுங்கி நில்லுங்க!"

"தெரியும், அவர் செய்யக்குள்ள நானும் இஞ்சதானே நிண்ட."

திருப்பினாள், கசிவு கூடிவிட்டது. "மற்றப் பக்கம்!" என்று கத்தினாள் றிஸ்மினா. உம்மா மீண்டும் ஏறித் திருப்பினாள், கை கூடிப்போய் எல்லை தாண்டியது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்துப் பள்ளியில் இந்நேரம் வாப்பாவை இறக்கி வைத்திருப்பார்கள். மர்ளியா ஒரு தடவை கண்ணை மூடி பிஸ்மில் சொல்லி, ஸ்பேனரில் விரலை வைத்தாளா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தொட்டாள்.

இறங்கி ஒதுங்கினாள், றிஸ்மினா மீண்டும் அலையைக் கூட்டினாள். பிறகு அந்தத் தூரத்து மனிதர் சொன்னார்: "சுத்தம். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. உங்கள் நிலையம் அனுமதிக்கப்பட்டது. இனிப் பேசுங்கள்."

"உம்மா!" என்று றிஸ்மினா அலறியதில் கமீலாவின் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. மையத்து வீட்டில் யாரும் அப்படி அலறக் கூடாதுதான். ஆனால் முற்றத்திலிருந்த அத்தனை பெண்களும் "அல்லாஹு அக்பர்" என்றார்கள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி என்ன நடந்ததென்று கேட்டாள். கொழும்பின் கேள்விக்கு ஹிஸ்புல்லா தேடிய பதில் இப்போது அவர் வளவிலிருந்தே வானத்துக்குப் போயிருந்தது. றிஸ்மினாவுக்கு அந்தச் சந்தோசம் உடம்பு தாங்காத அளவுக்கு இருந்தது. அதை முதலில் சொல்ல வேண்டிய மனிதர் இல்லை என்பதும் அதே அளவுக்கு இருந்தது.

ஒலிவாங்கியை எடுத்தாள். முதலில் காற்றைச் சொன்னாள். கச்சான் இன்றிரவு பலக்கும், வடமேற்கே நிற்பவர்கள் கரைப் பக்கம் ஒதுங்குங்கள் என்று இரண்டு தடவை நிதானமாகச் சொன்னாள். வாப்பா அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"ஜனாஸா அறிவித்தல். மன்னாரைப் பிறப்பிடமாகவும் கற்பிட்டியை வசிப்பிடமாகவும் கொண்ட ஹிஸ்புல்லா அவர்கள் இன்று காலமானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்னார் மர்ளியாவின் கணவரும், றிஸ்மினா, ரிப்கான் ஆகியோரின் தகப்பனாரும் ஆவார். ஜனாஸாத் தொழுகை இப்போது பள்ளியில் நடைபெறுகிறது." குரல் கடைசி வரைக்கும் நின்றது. நிறுத்திய பிறகுதான் உடைந்தது.

போட்டுகளில் இருந்த பெட்டிகள் கேட்க மட்டும்தான் செய்யும், பேசா. கேட்டதா இல்லையா என்று அறிய வழியில்லை.  அப்போது றொமேஷின் அழைப்பு வந்தது.

"அக்கா, இப்பதான் இரைச்சலுக்குள்ள கேக்குது, தம்பிட போட்டில ஆரோ மைக்க அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்க. நான் கூப்பிட்டா பதில் இல்ல. என்னவோ ஓதுற மாதிரிக் கிடக்கு. இந்தாங்க, செட்டுக்குக் கிட்டப் பிடிக்கிறன், கேளுங்க."

இரைச்சல். றிஸ்மினா ஸ்பீக்கரைப் போட, உம்மா போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். இன்ஜின் சத்தம் இல்லை, நிறுத்தியிருந்தார்கள். அலை போட்டில் மோதும் ஓசைக்கு நடுவே ஒரு குரல் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னது. நெடு நேரம் மௌனம். பிறகு இன்னொரு தக்பீர். குனிதலும் இல்லை, சிரம்பணிதலும் இல்லை. நின்ற நிலையிலேயே நான்கு தக்பீர், ஜனாஸாத் தொழுகைக்கு மட்டும் உரியது. மையத்தின் அருகில் வர முடியாதவர்கள் இருக்கிற இடத்திலேயே நின்று தொழலாம். முன்னால் நின்று தொழுவிப்பது ரிப்கான், அது அவன் குரல். பின்னால் எத்தனை பேர் நின்றார்களோ தெரியவில்லை.

 நான்காவது தக்பீரும் சலாமும் முடிந்து, மைக்கை விட்ட சத்தம் டக்கென்று கேட்டது.

மர்ளியா போனைக் காதிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து மகளிடம் நீட்டினாள்.

"தொண்ட கம்மிக் கிடக்கு அவனுக்கு" என்றாள். "கடல் காத்து. சளி பிடிச்சிருக்கும்."

"ஓம் உம்மா" என்றாள் றிஸ்மினா.