பேராசிரியர் கேட்ட கொழுத்த புள்ளி

1

...இல்லை, லத்தீன் எனக்கு அரைகுறைதான், அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரைன் நதிக்கரைப் பாசல் நகரத்துக்கு வந்து ஒன்பது வருடம். சனிக்கிழமைச் சந்தையில் பழைய கணித நூல்களை வாங்காமல் புரட்டிப் புரட்டி, கடைக்காரரிடம் திட்டு வாங்கிக் கற்றது. கதையும் அங்கே கிடைத்ததுதான். நானூறு வருடப் பழைய வடிவியல் புத்தகம் ஒன்று. முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர் பூசணிக்காய் அளவில். புரவலர் பிரபுவின் பெயர் அதைவிடப் பெரிதாக. உள்ளே இருக்கும் இருநூறு படங்களையும் அச்சடிப்பதற்காக மரப்பலகையில் வெட்டிய ஆளின் பெயர் எங்கும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: பிழைகள் யாவும் வேலையாட்களின் கவனக்குறைவால் நேர்ந்தவை.*

மற்றதெல்லாம் என் கற்பனை.

* அந்தக் காலத்துப் பேராசிரியர்கள் தப்பே செய்யமாட்டார்கள். இந்தக் காலத்தில் மட்டும் என்ன.

2

முதல் தொடக்கம்: 'ரைன் நதியின்மேல் பனி மெல்லப் படர்ந்துகொண்டிருந்த அந்த...' வேண்டாம். அந்தப் பனியால் கதையில் ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லை.

இரண்டாவது: 'லீன்ஹார்ட்டின் கை நடுங்கவில்லை.' இது இருக்கட்டும். மொத்தத் தகராறும் இதுதான்.

லீன்ஹார்ட்டுக்கு ஐம்பது வயது. இறந்துபோன அண்ணனின் அச்சகத்தை அண்ணி வெரேனா நடத்துகிறாள். இவர் பேரிக்காய் மரப் பலகையில் படம் வெட்டுகிறார். இப்போது அச்சில் இருப்பது பேராசிரியர் மெல்கியோர் ஸ்ட்ராக் எழுதிய நூல். (அட்டையில் ஸ்ட்ராக்கியுஸ். வாலில் லத்தீன்காரர்போல ஒரு 'உஸ்' ஒட்டாமல் அன்றைக்கு எவரும் அறிஞர் ஆக முடியாது.) எந்தக் கோணத்தையும் நேர்கோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்து மூன்று சம பாகமாக்கக் கண்டுபிடித்துவிட்டாராம். அது முடியவே முடியாது என்று பிற்காலத்தில் நிரூபித்தார்கள். பாவம், அவருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை.

அவர் கையால் கிறுக்கிக் கொடுத்த படத்தில் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்தித்தன. அதைப் பக்க அளவுக்குப் பெரிதாக்க, அவர் வாயால் சொன்ன முறைப்படியே லீன்ஹார்ட் கவராயம் வைத்து வரைந்தார். சந்திக்கவில்லை. நடுவில் பார்லி மணி அளவு ஒரு முக்கோணம் பல்லிளித்தது.

3

"திரும்ப வரையும்," என்றார் ஸ்ட்ராக்.

"மூணு தடவ வரைஞ்சாச்சுங்க ஐயா. மூணு தடவையும் அதே இடத்துலதான் விலகுது."

"உமக்கு லத்தீன் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் எப்படிய்யா என் நிரூபணத்தக் குத்தம் சொல்றீர்?"

"நான் எங்கங்க சொன்னேன்? பலகை சொல்லுது. அதுக்கும் லத்தீன் தெரியாது."

வெரேனா சிரிப்பை முழுங்கிக்கொண்டாள். "தம்பி, வாயடிக்கிற நேரமா இது? நாலு நாள்ல படகு கெளம்புது. பிராங்பர்ட் புத்தகச் சந்தைக்குப் பீப்பாயில அடைக்க வேண்டிய தாளெல்லாம் காஞ்சு கெடக்கு. இந்த ஒரு பக்கந்தான் பாக்கி."

"சேராத கோட்டச் சேத்து வைக்க நான் என்ன கல்யாணத் தரகரா அண்ணி?"

ஸ்ட்ராக் குரலைத் தணித்தார். "ரொம்பச் சுலபம். அந்த எடத்துல ஒரு புள்ளி வையும். நல்லாக் கொழுத்த புள்ளி. எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்."

"வைக்கலேன்னா?"

"வெட்டினவர் கை நடுங்கிடுச்சுன்னு கடைசிப் பக்கத்துல போட்டுடுவேன். உம்ம பேரோட."

ஆக, ஒரு மரவெட்டுக்காரரின் பெயர் புத்தகத்தில் ஏற அன்று இருந்த ஒரே வழி இது.

பக்கத்துத் தெரு அச்சகம் மூலிகை நூல் ஒன்றுக்கு நானூறு பூக்கள் வெட்ட ஆள் தேடுகிறது. லீன்ஹார்ட்டுக்கு அந்தப் பூக்கள் வேண்டும். சாகிறவரை முக்கோணம் வெட்ட அவருக்கு ஆசை இல்லை. கை நடுங்குகிறவரிடம் யார் பூவைக் கொடுப்பார்கள்?

4

ஸ்ட்ராக்கை ரொம்பத்தான் அயோக்கியனாக்கிவிட்டேனோ? [இங்கே அவருக்கு நோயாளி மனைவி ஒருத்தி... அடித்துவிட்டேன். அயோக்கியனுக்கு அயோக்கியன் ஒரு நோயாளி மனைவி என்றால் ஊரில் வைத்தியர் போதாது.] கொடுமை என்னவென்றால், அவர் பொய்யர் இல்லை. இருபத்திரண்டு வருடம் அந்தக் கோணத்தோடு குடும்பம் நடத்தியவர். பலகைதான் தப்பு என்று மனதார நம்புகிறார்.

5

முடிவு அ: முக்கோணம் தெரிகிறது. பிராங்பர்ட்டில் சிரிக்கிறார்கள். ஸ்ட்ராக் கடைசிப் பக்கத்தைக் காட்டுகிறார். பூக்கள் போச்சு.

முடிவு ஆ: புள்ளி வைக்கிறார். ஸ்ட்ராக்கியுஸுக்கு மாலை மரியாதை. பூக்களும் வருகின்றன. கவராயத்தோடு எவனாவது ஒருவன் அந்தப் பக்கத்தைத் திறக்கும்வரை.

முடிவு இ: லீன்ஹார்ட் பலகையைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு... சினிமா. வெரேனாவின் அச்சகம் என்னாவது?

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மறுநாள் காலை, பலகையில் கோடுகளை எல்லாம் வெட்டி முடித்துவிட்டார். அந்த முக்கோணத்தின் வயிற்றை மட்டும் இன்னும் குடையவில்லை. மரவெட்டில் குடையாத மரம்தான் கறுப்பாக அச்சாகும். அதாவது கொழுத்த புள்ளிக்கு அவர் மெனக்கெடவே வேண்டாம், கத்தியைக் கீழே வைத்தால் போதும். உண்மைக்குத்தான் வேலை பாக்கி இருக்கிறது. குடைந்துவிட்டால் திரும்ப ஒட்டவும் முடியாது.

"தம்பி, மை தடவட்டுமா?"

"கொஞ்சம் இருங்க அண்ணி."

அவள் இருக்கிறாள். நானும் நாலு மாதமாக இருக்கிறேன். அவருடைய இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், சொல்லுங்களேன், கத்தியைக் கீழே வைப்பீர்களா, குடைந்துவிடுவீர்களா?