தூக்குவாளியில் போன மீன்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என் கணவர் ரசீத் சவுதியில் தம்மாமிலிருந்து வீடியோ காலில் வருவார். வந்ததும் முதல் பேச்சு, "மீனக் காட்டு." நான் தலைவாரி நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருப்பேன், அதெல்லாம் அவர் கண்ணில் படாது. லீவில் வந்தபோது மேலப்பாளையத்து வீட்டில் அவர் வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி அது. நாலைந்து மோலி, ஒரு ஜோடி ஏஞ்சல். ஏஞ்சல் மேல் அவருக்கு அப்படியொரு உயிர்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் முகம் சுருங்கியது. "ஏட்டி, ஏஞ்சலுக்கு ரெக்க என்ன இப்படிப் பிஞ்சு கெடக்கு? ஒரு மீனக்கூட வளக்கத் தெரியல உனக்கு!"

கல்யாணமாகி ஐந்து வருடம், எங்களுக்குப் பிள்ளை இல்லை. 'ஒரு மீனைக்கூட' என்பது எங்கே போய்க் குத்தும் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா? போனை வைத்துவிட்டு அழுது தீர்த்தேன். பிறகு எனக்கு வெறி வந்தது. ரெக்கை எதனால் பிய்ந்தது என்று கண்டுபிடித்து, அவர் சொன்ன சொல்லை அவர் வாயாலேயே திரும்ப வாங்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தச்சநல்லூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் தாணுமாலையன் அண்ணாச்சியிடம் போட்டோவைக் காட்டினேன். "நோயின்னா ஓரம் வெள்ளையாக் கரையும்மா. இது கத்தரிச்ச மாதிரில்லா இருக்கு. உள்ள எவனோ கடிக்கான், உக்காந்து பாருங்க" என்றார்.

தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் மீன் ஒன்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி செடிக்குப் பின்னால் நின்றது. ஏஞ்சல் திரும்பியதும் பாய்ந்து போய் ஒரு கடி. அட சண்டாளா!

அது ரசீத் லாத்தா என்று கூப்பிடும் அவருடைய அக்கா, பேட்டையில் இருக்கும் ஆபிதா மைனி கொடுத்த மீன். தொட்டி வைத்த புதிதில் விருந்துக்கு வந்தபோது கவரில் கொண்டுவந்து, "புள்ளதான் ஓடல, வீட்ல இதாவது ஓடட்டும்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி உள்ளே விட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தட்டில் கறி வைத்தேன். தூக்கி எறியவும் வழியில்லை. எப்போது வந்தாலும் தான் கொடுத்த பொருள் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் அவர்.

அந்த டைகர் பார்ப்பைப் பிடித்துத் தனியாக ஒரு வாளியில் போட்டேன். தொட்டியில் பாதித் தண்ணீர் மாற்றிக் கொஞ்சம் கல்லுப்பும் கரைத்து விட்டேன். கொஞ்ச நாளில் ஏஞ்சலின் துடுப்பு ஓரத்தில் கண்ணாடி போல மெல்லிசாகப் புதிது வளரத் தொடங்கியது.

அந்தச் சமயம் பார்த்து மைனி ஒரு தூக்குவாளி நிறைய நெய்ச்சோறு கொடுத்துவிட்டார். வந்த பாத்திரத்தை எங்கள் பக்கம் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம், ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் அந்தத் தூக்குவாளியைச் சோப்பு படாமல் தேய்த்துக் கழுவி, தொட்டித் தண்ணீர் ஊற்றி, அந்தப் பயலை உள்ளே விட்டு மூடினேன். ஆட்டோ பிடித்து நானே பேட்டைக்குப் போனேன்.

மைனி வீட்டுத் தொட்டி முழுக்கக் கப்பி மீன்கள். ஒவ்வொன்றுக்கும் அகல அகலமாக வால். வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

மூடியைத் திறந்து பார்த்தவர், "இது என்னட்டி?" என்றார்.

"தனியாக் கெடந்து ஏங்குது மைனி. எங்க வீட்லதான் ஒண்ணும் ஓடலயே, உங்க வீட்லதான கூட்டமா ஓடுது."

மைனியின் முகம் கறுத்துப்போயிற்று. பாத்திரத்தில் வந்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தன் கையாலேயே தொட்டியில் ஊற்றினார். திரும்பும்போது ஆட்டோவில் வாய்விட்டுச் சிரித்தேன். கப்பிகளை நினைத்துத்தான் லேசாக வருத்தம், மைனியை நினைத்துத் துளியும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ரசீத் வந்ததும், "லாத்தா போன் பண்ணி ஒரே அழுக. கப்பி ஒண்ணுக்கும் வால் இல்லியாம். அந்த டைகர்தான் கடிக்காம்" என்றார்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். "அப்ப நம்ம ஏஞ்சலக் கடிச்சதும் அதான?"

"ஆமா, அதாத்தான் இருக்கும். நான் சொல்லிட்டேன், மீன்தான லாத்தா, இதுக்குப் போயா அழுவாங்க, நீ உடம்பப் பாத்துக்கன்னு. சரி, ஏஞ்சலக் காட்டு."

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. "என்னையச் சொன்னீங்களே ஒரு வார்த்த, அது?"

"எந்த வார்த்த?"

நடிக்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. ராவும் பகலும் நான் மென்று கொண்டிருந்த சொல்லை அவர் அன்றைக்கே துப்பிவிட்டுப் போயிருக்கிறார். தப்பான ஆளைப் போய்க் கடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏஞ்சலத்தான பாக்கணும்? நல்லாப் பாருங்க" என்று சொல்லி, போனைத் தொட்டிக் கண்ணாடியில் சாய்த்து வைத்தேன். அடுப்படிக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவரை பட்டினியாகத்தான் காத்துக் கிடந்தேன்.

"நஃபீஸா... ஏ நஃபீஸா, அங்கன என்ன செய்யுத?"

சத்தம் நன்றாகக் கேட்டது. நான் எழவில்லை. இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டேன். அப்புறம் குரலைத் தணித்து ரொம்ப நேரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மீன்கள்தான் கேட்டன.